கடை போனுக்குக் கரண்ட் கொடுப்பது யார்?

டர்பனில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் (இன்றைய பெயர் டாக்டர் யூசுப் டாடூ ஸ்ட்ரீட்) நெடுங்காலமாகக் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றை உறுதியாக நம்புவார்கள்: கரண்ட் போனாலும் போன் போகாது. அந்த நம்பிக்கையில் தப்பில்லை. பழைய செப்புக் கம்பி பேச்சை மட்டும் சுமந்து வரவில்லை, கரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட், கிலோமீட்டர் கணக்கில் கம்பி வழியே ஓடிவந்து மேசைமேல் இருக்கும் போனுக்கு உயிர் கொடுத்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஜெனரேட்டருக்கு டீசல் போடுவது எல்லாம் வேறு யாருடைய வேலையோ. கடைக்காரர் பில் கட்டினால் போதும்.

இணைய போனுக்கு மாறும்போது அந்த வேலைகள் எல்லாம் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. விற்க வருபவர்கள் செலவு குறையும் என்பதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கிறார்கள். செலவு குறைவது உண்மைதான். ஆனால் நான் இதைக் கரண்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். தென்னாப்பிரிக்காவில் இணைய போன் வைத்துக் கெட்ட பெயர் வாங்கிய கடைகளில் பாதிக்கு மேல் கெட்டது இணையத்தால் அல்ல, மேசைக்கு அடியில் இருந்த பேட்டரியால் என்பது என் கணிப்பு.

முதலில் குரல் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பேசுபவரின் குரலைக் கருவி விநாடிக்கு 8,000 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். ஆக விநாடிக்கு 64,000 பிட். இதை மொத்தமாக அனுப்பாமல் 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டுகிறது. ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட், அதன் தலையில் ஒட்டிய முகவரிச் சீட்டு 40 பைட். விநாடிக்கு 50 பொட்டலம் போகும். கணக்குப் போட்டால் ஒரு திசைக்கு 80 கிலோபிட், கடைக்குள் கேபிளில் ஓடும்போது அதன் உறையும் சேர்ந்து 87. இதுதான் ஜி.711 என்ற கோடெக் (குரலை எண்ணாக்கும் முறை). ஜி.729 என்று இன்னொன்று உண்டு. அது குரலை 8 கிலோபிட்டுக்கு நசுக்கிவிடும். ஆனால் முகவரிச் சீட்டு அதே 40 பைட்தான் என்பதால் மொத்தம் 24-க்குக் கீழே இறங்காது. சரக்கு 20 பைட், சீட்டு 40 பைட்! ஃபைபர் இருக்கும் கடையில் இந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை, ஜி.711 வையுங்கள், குரல் தெளிவாக இருக்கும். மொபைல் டேட்டாவில் பேசுகிறவர்களுக்கு மட்டும் நசுக்கிய கோடெக் லாபம். ஜி.711-இல் இரு திசையும் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 1.2 மெகாபைட் போகும், ஜி.729-இல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

குரல் இப்படிப் போக, "மணி அடி", "எடுத்தாச்சு", "வெச்சாச்சு" என்ற சேதிகளைச் சுமப்பது சிப் (SIP) என்ற நெறிமுறை. மேசைமேல் இருக்கும் ஐபி போன் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் சர்வருக்கு "நான் 104, இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று ஆஜர் சொல்லிக்கொண்டே இருக்கும். அழைப்பு வந்தால் சர்வர் கடைசியாக ஆஜர் சொன்ன இடத்துக்கு மணி அடிக்கச் சொல்லும். இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எண்ணுக்கும் கம்பிக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. 104 என்ற எக்ஸ்டென்ஷன் காலையில் சாட்ஸ்வொர்த் கடையில் இருக்கலாம், மதியம் டோங்காட் கிளையில், சாயங்காலம் வீட்டில் இருப்பவரின் மொபைல் செயலியில். வாடிக்கையாளர் அழைப்பது டர்பனுக்குரிய அதே 031 எண்.

அந்த சர்வர் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கட்சி. கடையிலேயே ஒரு சின்னப் பெட்டி வைத்து, ஆஸ்டெரிஸ்க் போன்ற இலவச மென்பொருளை ஓட்டுவது ஒன்று. மாசச் சந்தா கட்டி வழங்குநரின் டேட்டா சென்டரிலேயே வைத்துக்கொள்வது மற்றொன்று. பத்து இருபது போனுக்குக் கீழே உள்ள கடைக்கு இரண்டாவதுதான் என் சிபாரிசு. கரண்ட் போய்க் கடைப் பெட்டி அணைந்தால் எல்லாமே அணைந்துவிடும். சர்வர் வெளியே இருந்தால், கடை இருட்டாக இருந்தாலும் அழைப்பு மொபைலுக்குத் திரும்பும், இல்லாவிட்டால் குரல் அஞ்சலாவது வாங்கும். அந்த சர்வர் இந்த நாட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் போய்வர ஒரு பொட்டலத்துக்குச் சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். ஐரோப்பா போய்வர 150-க்கு மேல்; பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் குரல் அந்த சர்வர் வழியே சுற்றித்தான் வரும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடியைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று மரியாதை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். போதாததற்குக் கடலடிக் கேபிள் அறுந்தால் கதை முடிந்தது. 2024 மார்ச்சில் மேற்குக் கரையில் அறுந்தது, மே மாதம் நம் கிழக்குக் கரையில்.

சட்டப்படி இந்த வழி திறந்தது 2005 பிப்ரவரி 1-இல். அதற்கு முன் தனியார் நிறுவனங்கள் இணையத்தின் வழியே போன் சேவை விற்க முடியாது. லேண்ட்லைன் எண்ணை வேறு வழங்குநரிடம் கொண்டுபோகும் உரிமை 2010-இல்தான் வந்தது. புதிதாக எடுப்பவர்களுக்கு எந்த ஊரையும் சேராத 087 எண் சுலபமாகக் கிடைக்கும். ஆனாலும் பழைய 031 எண்ணை விடாதீர்கள். அந்த எண் திருமணப் பத்திரிகை முதல் கோயில் காலண்டர் வரை அச்சாகி எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, யாருக்குத் தெரியும்.

எண்ணை மாற்றும்போது செய்யும் பெரிய தப்பு ஒன்றுதான்: புது இணைப்பு வந்த சந்தோஷத்தில் பழைய லைனை ரத்து செய்வது. ரத்தான எண்ணை மாற்ற முடியாது; உயிரோடு இருக்கும் எண்தான் மாறும். மாற்றம் முடிந்து, வெளியிலிருந்து அழைத்துப் பார்த்து, மணி அடித்த பிறகே பழைய கணக்கை மூட வேண்டும். பழைய பில்லில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்; தாத்தா பெயரில் இருக்கும் லைனைப் பேரன் மாற்ற விண்ணப்பித்தால் நிராகரிப்புதான் வரும். முதலில் பெயரை மாற்றுங்கள். இன்னொரு பொறி: அதே செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் இணையமும் இருந்தால், எண் மாறும் கணத்தில் அதுவும் செத்துவிடும். புது போன் அந்த இணையத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் முதலில், எண் பிறகு.

ஃபைபர் என்றதும் "எத்தனை மெகாபிட்?" என்று கேட்கிறார்கள். போனுக்கு அது முக்கியமே இல்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு திசைக்கு 1 மெகாபிட்டுக்குள் முடிந்துவிடும். முக்கியமானது பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வருவது. 20 மில்லிவிநாடிக்கு ஒன்று வர வேண்டியது ஒரு தடவை 5-இல், அடுத்தது 70-இல் என்று வந்தால் குரல் தகரத்தைத் தட்டியது போல் ஆகும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு போனிலும் 40, 60 மில்லிவிநாடிப் பேச்சைத் தேக்கிவைத்து நிதானமாக விடும் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதற்கும் மேல் தாமதமாக வந்த பொட்டலம் குப்பைக்குத்தான். பிந்தி வந்த எழுத்தை நடுவில் செருக முடியாதே. கடையில் இது பெரும்பாலும் எப்போது நடக்கும் என்றால், யாரோ ஒருவர் சிசிடிவி பதிவையோ சரக்குப் படங்களையோ மேலேற்றும்போது. பெரிய கோப்பு ரௌட்டர் வாசலை அடைத்துக்கொள்ள, குரல் பொட்டலம் வரிசையில் நிற்கிறது. ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, மேலேற்றும் வேகத்தை உண்மையான அளவில் 90 சதத்துக்குக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போன்களை வைஃபையில் போடாமல் கேபிளில் போட்டால் மீதியும் தீரும்.

இனி வழக்கமான வியாதிகள். வெளியே அழைக்க முடிகிறது, உள்ளே வரும் அழைப்பு மணி அடிப்பதில்லை; ஆனால் நாம் யாரையாவது அழைத்து வைத்த உடனே அழைத்தால் மட்டும் அடிக்கிறது. இது ரௌட்டரின் மறதி. போன் திறந்துவைத்த வாசலை ரௌட்டர் அரை நிமிடம் அசைவில்லாவிட்டால் மூடிவிடுகிறது, சர்வரின் சேதி கதவில் முட்டித் திரும்புகிறது. போன் அமைப்பில் உயிர்ச் சேதியை (கீப்-அலைவ்) 20 முதல் 25 விநாடிக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னால் வாசல் திறந்தே இருக்கும்.

அடுத்தது, அழைப்பு எடுத்து மிகச் சரியாக 32 விநாடியில் துண்டாவது. நிறுத்தக் கடிகாரம் வைத்துப் பாருங்கள், 31 ஆகாது, 33 ஆகாது. "எடுத்தாச்சு" என்ற சேதிக்கு எதிர்முனை "சரி, தெரிந்தது" என்று ஒரு பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வழியில் காணாமல் போனால், மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்து 32 விநாடியில் கைவிடும்படி நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பதற்கும் இதற்கும் காரணம் அநேகமாக ஒன்றே: ரௌட்டரில் இருக்கும் சிப் ஏஎல்ஜி என்ற வசதி. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சேதிகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தி எழுதும். அதை அணைத்து ரௌட்டரை ஒருமுறை மறுபடி கிளப்புங்கள். வழங்குநரின் உதவி மையத்தில் அரை மணி நேரம் சங்கீதம் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. வங்கிக்கு அழைத்து "ஆங்கிலத்துக்கு 1" என்றதும் 1 அழுத்தினால் ஏற்கவில்லையா? பொத்தான் ஒலியைக் குரலோடு கலந்து அனுப்புகிறது போன். நசுக்கும் கோடெக் அந்த ஒலியைக் குதறிவிடும். அமைப்பில் ஆர்எஃப்சி 2833 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் தனியாகப் போகும்.

இப்போது கரண்டுக்கு வருவோம். ஆறு போன் உள்ள கடையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து 20 வாட். போன்களுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் 6 வாட், போன் ஒவ்வொன்றும் 4 வாட் வீதம் 24. மொத்தம் 50 வாட். லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) ஒரு தவணை 2 மணி நேரம், கரண்ட் திரும்ப அரை மணி தாமதமாகும் என்று வைத்துக்கொண்டால் 125 வாட்-மணி வேண்டும்.

கடைகளில் விற்கும் 650 விஏ சின்ன யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. இந்த வேகத்தில் உறிஞ்சினால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும், அதிலும் ஒரு பங்கை ஏசியாக மாற்றும்போது யுபிஎஸ்ஸே சாப்பிட்டுவிடும். முக்கால் மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரம். "650" என்ற எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தது இங்கேதான். அது எவ்வளவு பளு தாங்கும் என்று சொல்கிறதே தவிர எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்வதில்லை. அதோடு, ஈய பேட்டரி முழுதாக நிறைய எட்டு மணி நேரமாவது ஆகும். ஒரே நாளில் மூன்று நான்கு முறை கரண்ட் போன 2023-ஐ நினைத்துப் பாருங்கள். இரண்டாம் தவணை வரும்போது பாதி, மூன்றாம் தவணைக்கு ஒன்றுமில்லை. முழுக்க வடிந்து வடிந்து பேட்டரியும் சீக்கிரம் கிழடு தட்டிவிடும்.

12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வைத்தால் 256 வாட்-மணி, இழப்பு போக 190 என்று கொள்ளலாம். ஆறு போனும் மூன்றரை மணிக்கு மேல் ஓடும், 10 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் இரண்டரை மணிக்குள் நிறைந்தும் விடும். இதைவிடச் சிக்கனமான வழியும் உண்டு. கடை இருட்டில் இருக்கும்போது ஆறு மேசைப் போனும் எதற்கு? ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் மட்டும் 12 வோல்ட் நேராகக் கொடுக்கும் மினி யுபிஎஸ் வைத்து, ஊழியர்கள் மொபைல் செயலியில் வைஃபை மூலம் பேசினால் 20 வாட்டில் காரியம் முடிந்தது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். எல்லா ரௌட்டரும் 12 வோல்ட் அல்ல. கரண்ட் திரும்பும் கணத்தில் வரும் மின்னெழுச்சிக்கு ஒரு தடுப்பு பிளக்கும் அவசியம். கரண்ட் போகும்போது சாகும் கருவிகளைவிடத் திரும்ப வரும்போது சாகும் கருவிகளே அதிகம்.

ஃபைபரில் இதற்கு ஒரு ஆறுதல் உண்டு. தெருவில் பிரித்துக்கொடுக்கும் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை, உள்ளே வெறும் கண்ணாடிதான். இரு முனையிலும் கரண்ட் இருந்தால் ஓடும். எல்டிஇ என்ற மொபைல் இணையம் அப்படி அல்ல. கோபுரத்துப் பேட்டரி தாங்கும் வரைதான் பேச்சு, அந்தப் பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு போகவும் ஒரு கூட்டம் இருக்கிறது. செப்புக் கம்பியை வெட்டும் கூட்டத்துக்குக் கண்ணாடி இழையில் சம்பாத்தியம் இல்லை. சில வேளை செம்பு என்று நினைத்து இதையும் வெட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

திருட்டு என்றதும் வேறொன்று. ஈஸ்டர் வாரக் கடைசி நான்கு நாள் விடுமுறை, வெள்ளி முதல் திங்கள் வரை. பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம், கடைகள் பூட்டியிருக்கும். போன் மோசடி செய்பவர்களுக்கும் அதுதான் திருவிழா. உலகம் முழுவதும் சிப் சேதிகள் வந்துபோகும் 5060 என்ற போர்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள், எக்ஸ்டென்ஷன் 100, கடவுச்சொல் 100 என்றிருக்கும் ஒரு கடையைக் கண்டுபிடித்தால் போதும். அந்தக் கணக்கிலிருந்து, நிமிடக் கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு ஒரே நேரத்தில் பல அழைப்புகள் போகும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரருக்கு. செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போது பில் காத்திருக்கும். கட்ட வேண்டியவர் கடைக்காரர்தான். தடுப்பது கஷ்டமில்லை: ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 16 எழுத்துக்குக் குறையாத, யாராலும் ஊகிக்க முடியாத கடவுச்சொல், 00-இல் தொடங்கும் எல்லா எண்ணும் அடைப்பு, சரக்கு வரும் இந்தியாவுக்கு 0091, மொரீஷியஸுக்கு 00230 என்று வேண்டியது மட்டும் திறப்பு, நாளொன்றுக்கு இவ்வளவு ரேண்டுக்கு மேல் போகக்கூடாது என்று வழங்குநரிடம் வரம்பு. முன்பணக் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது, இருப்பது போனதும் தானே நின்றுவிடும். கடையிலேயே சர்வர் வைத்திருப்பவர்கள் 5060-ஐ வெளியுலகத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது.

இவ்வளவு தொல்லைக்கு என்ன கிடைக்கிறது? ரொம்பவே கிடைக்கிறது. புரட்டாசி மாதம் சைவச் சமையல் ஆர்டர் எடுக்கும் கேட்டரிங் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் மூன்று அழைப்பு ஒரே நேரத்தில் வந்தால் அதிகம். புரட்டாசியில் எட்டு வரும். பழைய முறையில் ஐந்து லைன் கூடுதலாக வாங்கி வருஷம் முழுக்க வாடகை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் "பிஸி" ஒலி கேட்ட வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவுக்குப் போவார். இப்போது ஒரு மின்னஞ்சலில் ஒரு மாதத்துக்கு எட்டு சேனல், பிறகு மறுபடி மூன்று. கிளைகளுக்கு இடையே பேசுவது இலவசம். எடுக்காமல் போன அழைப்புகளின் பட்டியல் மின்னஞ்சலில் வரும். என்னைக் கேட்டால் மொத்த வசதிகளிலும் பணம் சம்பாதித்துத் தருவது இந்தப் பட்டியல் ஒன்றுதான். காலை பத்து மணிக்கு யாராவது அதைப் பார்த்துத் திரும்ப அழைத்தால் சந்தாக் காசு வந்துவிடும்.

"விற்பனைக்கு 1, கணக்குக்கு 2" என்று பதிவுக் குரல் வைப்பதில் மட்டும் அடக்கம் வேண்டும். மூன்று தேர்வுக்கு மேல் வேண்டாம், ஒன்றுமே அழுத்தாவிட்டால் பத்து விநாடியில் ஓர் ஆளுக்கு மணி அடிக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்திலிருந்து கற்பூரம் இருக்கிறதா என்று கேட்க அழைக்கும் ஆயா பதிவுக் குரலோடு பேச ஆரம்பித்துவிடுவார், பதில் வராவிட்டால் வைத்துவிடுவார். உரையாடலைப் பதிவு செய்வதாக இருந்தால் அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தனியுரிமைச் சட்டமான போப்பியாவைப் பின்பற்றுவது 2021 ஜூலை முதல் கட்டாயம். பதிவுகளை யார் கேட்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்று எழுதி வைத்துக்கொள்வதும் அதில் சேர்த்தி.

எல்லாவற்றையும் மாற்றிவிடவும் கூடாது. பழைய ஃபேக்ஸ், திருட்டு எச்சரிக்கைப் பெட்டி, லிஃப்டுக்குள் இருக்கும் அவசரப் போன் ஆகியவை செப்புக் கம்பியை நம்பிச் செய்தவை. பொட்டலம் ஒன்று காணாமல் போனால் மனிதக் காது ஊகித்துக்கொள்ளும், ஃபேக்ஸ் ஊகிக்காது. எச்சரிக்கைப் பெட்டிக்கு மொபைல் சிம் அல்லது ரேடியோ இணைப்பு வைக்கும்படி காவல் நிறுவனத்திடம் எண் மாற்றும் தேதிக்கு முன்பே சொல்லுங்கள். மறந்துவிட்டால் பெட்டியில் விளக்கு எரியும், ஆனால் எச்சரிக்கை யாருக்கும் போகாது. காவல்துறை 10111, ஆம்புலன்ஸ் 10177 இரண்டும் எப்படிப் போய்ச்சேரும் என்று வழங்குநரிடம் கேளுங்கள். 031 எண்ணோடு ஜோகனஸ்பர்க்கில் உட்கார்ந்து அழைப்பவர் டர்பனில் இருப்பதாகவே மறுமுனையில் தோன்றலாம். ஆகவே முதலில் இடத்தைச் சொல்லப் பழக்குங்கள். மொபைலிலிருந்து 112 எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சொல்லிவிட்டு, டிபி பெட்டியின் (கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) மெயின் சுவிட்சை இறக்குங்கள். மொபைலிலிருந்து கடை எண்ணை அழையுங்கள். மணி அடித்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டே இருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் அழைப்பு மேசையை விட்டு மொபைலுக்குத் தாவுகிறதோ, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி யுபிஎஸ் மேல் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி இறக்கிப் பார்த்து, பழைய எண்ணுக்குக் கீழே புது எண்ணை எழுதுங்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதியாக இருந்தால் பேட்டரி வாங்கும் நேரம் வந்துவிட்டது.